நான்கு விநாடி

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவள் பல வருடம் வேலை பார்த்தாள். ஒரு மழைநாளில் ஈரப் போர்வைகள் நிறைந்த தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்தபோது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். வண்டி இடுப்பின் மேல் சாய்ந்தது. எலும்பு கோணலாகக் கூடிக்கொண்டது; இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப் போனது. ரப்பர் செருப்பு போட்டிருந்தால் விழுந்திருக்க மாட்டாய் என்று மேலாளர் சொன்னார். ரப்பர் செருப்பு எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அதைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்றார்.

சலவைக்கூடம் அவளுக்கு ஒரு மாத ஓய்வு கொடுத்தது. புருஷன் கொடுத்தது அதற்கும் குறைவு. அடுத்த ஊரில் வேலை தேடிவிட்டு வருகிறேன் என்று போனவனுக்கு அங்கே வேலையும் கிடைத்தது, கூடவே ஒரு குடும்பமும் கிடைத்தது.

அதன் பிறகு அவள் தம்பி வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, லிஃப்ட் இல்லை. தம்பி சாது. ஒரு கப்பல் வடிவமைப்புக் கம்பெனியில் பொறியாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி எதையும் வேகமாகச் செய்கிறவள். நாலு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்வாள். நாலு பேர் பேசுகிற பேச்சையும் பேசுவாள். நாத்தனார் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்து சேர்வதற்குள் அவள் கடைக்குப் போய்த் திரும்பி, குழம்பைக் கொதிக்க வைத்திருப்பாள். "என்னக்கா, இன்னைக்குள்ள வந்துடுவீங்களா?" என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். முதலில் நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் அப்போது ஆறு உல்லாசக் கப்பல்களுக்கு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆறும் ஒரே அச்சு. ஒரு சிறு நகரத்தையே தூக்கிக்கொண்டு மிதக்கிற அளவு பெரிய கப்பல்கள். முதல் கப்பலில் ஒரு கதவு எங்கே வருகிறதோ அங்கேயேதான் மற்ற ஐந்திலும் வரும். முதல் கப்பலில் நடந்த தப்பு மற்ற ஐந்திலும் நடக்கும். அதனால் ஒவ்வொரு சாணுக்கும் அடிதடி. எடை பார்க்கிறவர் மேல்தளத்தில் நீச்சல் குளம் கூடாது, கப்பல் தலை கனத்துத் தள்ளாடும் என்பார். குழாய் போடுகிறவர் எனக்கு இடமே இல்லை என்பார். எல்லாவற்றையும் கேட்டுக் கடைசியில் முடிவு சொல்கிறவர் தலைமை வடிவமைப்பாளர். அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் மாமியார் என்று பெயர். யார் எதை வரைந்து கொண்டுபோனாலும் குறை கண்டுபிடிப்பார் என்பதால் வந்த பெயர் அது.

மாமியாரின் கண் படிக்கட்டின் மேல் இருந்தது. கப்பலின் நடுவில் ஒன்பது தளம் உயரத்துக்குத் திறந்த ஒரு கூடம். இரண்டு பக்கமும் கடைகள். அவற்றுக்கு நடுவே மேலே போகும் பெரிய படிக்கட்டு. அந்தப் படியின் அகலத்தில் ஒரு முழம் குறைத்தால் ஒவ்வொரு தளத்துக் கடையிலும் கூடுதலாக ஒரு வரிசை அலமாரி வைக்கலாம். ஆறு கப்பல் என்றால் ஆறு மடங்கு. ஆனால் இஷ்டத்துக்குக் குறைத்துவிட முடியாது. கப்பலுக்கு ஆபத்து என்றால் அதில் உள்ள அத்தனை பேரும் குறித்த நேரத்துக்குள் உயிர்காப்புப் படகு இருக்கும் தளத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது விதி. படி குறுகினாலும் அவர்கள் வந்து சேருவார்கள் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும்.

நிரூபிப்பதற்காகவே ஊருக்கு வெளியே பெரிய தகரக் கொட்டகை ஒன்றை எடுத்திருந்தார்கள். உள்ளே கப்பலின் ஒரு நடைபாதையையும் இரண்டு தளத்துப் படிக்கட்டையும் அதே அளவில் கட்டியிருந்தார்கள். அடியில் ராட்சத ஜாக்கிகள். விசையை அழுத்தினால் முழுக் கட்டுமானமும் ஒரு பக்கமாகச் சாயும், மூழ்கப் போகிற கப்பல் சாய்வதைப் போல. சாய்ந்த தரையில் ஆட்களை நடக்க விட்டு வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் மனிதர்களாக ஓடும். அந்தப் புள்ளிகளுக்கு வேகம் கொடுப்பது இந்தக் கொட்டகை.

வாலிபர்கள், பெண்கள், வயதானவர்கள் எல்லோருடைய நடையும் கிடைத்துவிட்டது. கால் ஊனமானவர் நடை மட்டும் கிடைக்கவில்லை. கல்லூரிப் பையன்கள் முழங்காலில் பலகை கட்டிக்கொண்டு நடித்துப் பார்த்தார்கள். நாலு எட்டு நொண்டுவார்கள், ஐந்தாவது எட்டில் மறந்துபோய் நேராக நடப்பார்கள். சோதனையை நடத்திய பொறியாளருக்கு எப்போதும் கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கும். கடிகாரம் என்றே அவரைச் சொன்னார்கள். ஒரு நாள் அவர் வேனில் உட்கார்ந்து இதையே புலம்பிக்கொண்டு வந்தார்.

"நெஜமாவே நடக்க முடியாத ஒரு ஆள், தெனமும் ஒரே மாதிரி நடக்கற ஆள் வேணும்யா. எங்க போய்த் தேடறது?"

வண்டியைத் திருப்பிக்கொண்டே தம்பி சொன்னான்: "சார், எங்க அக்கா இருக்கு சார்."

அன்று சாயங்காலம் அக்காவிடம் அவன் நேரடியாக விஷயத்துக்கு வரவில்லை. தண்ணீர் குடித்தான். மின்விசிறியைத் தட்டினான்.

"வேலை ஒண்ணு இருக்குக்கா. கஷ்டமான வேலை இல்ல. நடக்கணும், அவ்வளவுதான்."

"எனக்கு நடக்கத்தான்டா வராது."

"அதான்க்கா வேணுமாம்."

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "போங்கக்கா. இத்தனை நாள் சும்மா நடந்தீங்க. இனிமே அதுக்குச் சம்பளம் வரட்டும்."

அவள் போனாள்.

முதல் நாள் தோளிலும் முழங்காலிலும் பளபளக்கிற வில்லைகளை ஒட்டினார்கள். ஆரஞ்சு நிறத்தில் மெத்தை மாதிரி ஒரு உயிர்காப்பு அங்கியை மாட்டினார்கள். எட்டுத் திசையிலும் கேமராக்கள். தரை மெல்லச் சாய்ந்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு அவள் நடந்தாள். குட்டைக் கால் மேட்டுப் பக்கம் இருந்தால் நடை சுலபமாகவும், பள்ளத்துப் பக்கம் இருந்தால் உயிர் போகிற மாதிரியும் இருந்தது. நடைபாதையின் முடிவில் கடிகாரம் நின்றுகொண்டிருந்தார். அவள் கோட்டைத் தாண்டியதும் பொத்தானை அழுத்திவிட்டுக் கை தட்டினார்.

"அற்புதம்மா! நேத்து வந்த பையன் மாதிரி இல்ல. மறுபடி ஒரு தடவை?"

மறுபடி நடந்தாள். மறுபடியும் கிட்டத்தட்ட அதே நேரம். பத்துத் தடவை நடந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. கடிகாரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே கூலிக்கு ஓட வந்த வாலிபர்கள் அன்றைக்கே அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நத்தை வருது, வழி விடுங்கப்பா" என்பார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் வேன் வழியாக வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பேருந்தில் அவள் ஏறும் வரை ஓட்டுநர் பொறுப்பதில்லை. கடையில் அவள் வரிசை முன்னால் வருவதற்குள் நாலு பேர் புகுந்துவிடுவார்கள். அவள் நடந்து முடிக்கும் வரை ஒருவர் நின்று காத்திருப்பதும், முடித்ததும் கை தட்டுவதும் அவள் வாழ்க்கையில் அந்தக் கொட்டகையில்தான் நடந்தது. காலையில் தம்பிக்கு முன்பே தயாராகி, வேனுக்காகக் கீழே போய் நின்றாள்.

சோதனை பாதியில் இருக்கும்போது அரசு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இடுப்பு மூட்டை மாற்றி வைக்கும் ஆபரேஷனுக்கு அவள் பெயர் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அடுத்த வாரமே வந்து படுக்கச் சொன்னார்கள். மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: கால் முழு நீளம் வராது, ஆனால் வலி போகும், கைத்தடி இல்லாமல் நடக்கலாம்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் விஷயத்தைச் சொன்னாள். தம்பி சந்தோஷப்பட ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இத்தனை வருசம் பொறுத்தீங்க," என்றாள் தம்பி மனைவி. "இந்த நேரத்துலயா? கால் நேராயிட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

"வலிக்குதும்மா."

"யாருக்குத்தான் வலிக்கல? எனக்குந்தான் முதுகு வலிக்குது. சொல்றேனா?"

கடிகாரத்திடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஓநாய்க்குக்கூட அவ்வளவு கண்ணீர் வந்திருக்காது.

"உங்க உடம்புதாம்மா முக்கியம். நான் தடுக்கவே மாட்டேன். ஆனா இதுவரைக்கும் எடுத்த அளவெல்லாம் இந்த நடையை வச்சு எடுத்தது. நடுவுல நீங்க நல்லாயிட்டீங்கன்னா அத்தனையும் குப்பை. ஒரு ரெண்டு மாசம் தள்ளிப் போட முடியுமான்னு நான் வேணா ஆஸ்பத்திரில பேசட்டுமா?"

அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவரே அவள் முன்னால் போன் போட்டார். கம்பெனி பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் மரியாதையாகப் பேசினார்கள். தேதி வேறொருவருக்குப் போனது. அவள் பெயர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும் என்பதை அவர்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, "உங்களை மாதிரி பொறுப்பான ஆளை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இடுப்பு வலியை மென்று விழுங்கினாள்.

கடைசியாகக் கூட்டச் சோதனை வந்தது. தனித்தனியாக நடந்தது போதும். படியை ஒரு முழம் குறுக்கிக் கட்டிவிட்டு, கூட்டத்தை மொத்தமாக இறக்கிப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்திலிருந்து இருநூறு பேரைச் சேர்த்தார்கள். தம்பி மனைவியும் பெயர் கொடுத்தாள்.

முன்னோட்டத்தில் கூட்டம் சந்தைக்கு வந்தது போல அசைந்து அசைந்து இறங்கியது. ஒருவர் நின்று செருப்பு வாரைச் சரி செய்தார். இரண்டு பெண்கள் கதை பேசிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"கப்பல் முழுகும்போது இப்படியா போவாங்க? உயிருக்கு ஓடற மாதிரி ஓடணும்."

"கூலிக்கு வந்தவங்க மேடம். அதுக்கு மேல எப்படி ஓடுவாங்க?" என்றார் கடிகாரம்.

மாமியார் ஒலிபெருக்கியைத் தானே எடுத்தார். படியின் கீழே இருந்த படகுக் கதவை முதலில் தொடுகிற இருபது பேருக்கு, ஜோடியாக, முதல் கப்பலில் ஒரு வாரப் பயணம் இலவசம் என்றார். உடனே ஜனங்கள் செருப்புகளை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். பந்திக்கு முந்து என்பார்கள். அன்று எல்லோர் முகத்திலும் பந்திக் களைதான்.

நத்தையைக் கூட்டத்தின் நடுவில், படியின் மேல் முனையில் நிறுத்தினார்கள். மெதுவாக நடக்கிறவர் நடுவில் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு தேங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். தரை சாய்ந்தது. விளக்கு அணைந்தது. சங்கு ஊதியது. தரையோரத்துச் சின்ன விளக்குகள் மட்டும் பச்சையாக எரிந்தன.

நாலு படி இறங்கியிருப்பாள். முதுகில் யாரோ மோதினார்கள். கம்பியிலிருந்து கை நழுவியது. குட்டைக் கால் பள்ளத்துப் பக்கம் இருந்தது, அது தாங்கவில்லை. குப்புற விழுந்தாள். முதலில் ஒரு பூட்ஸ் அவள் கையை மிதித்தது. அடுத்த கால் தோளை. பிறகு கணக்கில்லை. தலையைத் தூக்கியபோது பச்சை வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்தது. தம்பி மனைவி.

"ஏம்மா, நான்தாம்மா!" என்று நத்தை கத்தினாள்.

தம்பி மனைவி பார்த்தாள். தெரியாமல் பார்த்த பார்வை இல்லை அது. ஒரு நொடி நின்றாள். பிறகு உயிர்காப்பு அங்கியின் முதுகில், மெத்தென்று இருக்கிற இடமாகப் பார்த்துக் காலை வைத்து, எம்பிக் குதித்துப் போனாள். பின்னால் வந்தவர்கள் அவள் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் போனார்கள். வழி தெரிந்துவிட்டால் கூட்டத்துக்கு எல்லாம் சுலபம்.

விளக்கு வந்தபோது படியில் அவளும், ஒற்றைச் செருப்புகளும் மட்டும் கிடந்தன. படகுக் கதவுப் பக்கம் ஒரே ஆரவாரம். கடிகாரம் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தார், பாதிப் படியில் நின்று அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தார், "ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று கத்திவிட்டுத் திரும்பவும் உள்ளே ஓடினார். கேமராப் பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்ற பயம் அவருக்கு.

சரியாகவே விழுந்திருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மாமியார் அதை மறுபடி மறுபடி ஓட விட்டுப் பார்த்தார்.

"விழுந்த இடத்துல எவ்வளவு நேரம் தேங்கிச்சு?"

"நாலு விநாடி மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம் மேல ஏறிப் போக ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டம் பழைய வேகத்துக்கு வந்துடுச்சு."

மாமியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அன்று சிரித்தாராம். குறுகிய படியில் ஒருவர் விழுந்தாலும் நான்கு விநாடிக்கு மேல் தாமதம் இல்லை. இதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது. ஆறு கப்பலிலும் படி ஒரு முழம் குறைந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தவர், மூட்டு மாற்றுவதாக இருந்த அதே மருத்துவர்தான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூட்டு பொருந்தி நிற்க வேண்டிய குழியே நொறுங்கிவிட்டது, இனி புது மூட்டு வைத்தாலும் நிற்காது என்றார். "அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா?" என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

"இருட்டுல யாரு என்னன்னே தெரியலக்கா. பின்னாடி இருந்து தள்றாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"இல்ல, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுன்னு..."

"சாறு புளிக்குது. கொஞ்சம் சர்க்கரை போடு."

கம்பெனி ஒரு நல்ல சக்கர நாற்காலி அனுப்பியது. மாடிப்படியில் அதை ஏற்ற முடியவில்லை. கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். நாற்காலி கீழே, அவள் மேலே. தம்பி ஒரு பலகைக்கு அடியில் சின்னச் சக்கரங்களை ஆணி அடித்துக் கொடுத்தான். அதில் உட்கார்ந்து கையால் உந்தி அறைக்கு அறை போனாள்.

முதல் கப்பல் தயாரானது. தம்பி மனைவி பதினேழாவதாகக் கதவைத் தொட்டிருந்தாள், பயணம் உறுதி. தம்பி ஒரு வாரம் தயங்கினான்.

"அக்காவை விட்டுட்டு எப்படிப் போறது?"

"முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட முடியுமா? அவங்களால வர முடியாது. அதுக்காக நாம விடறதா?" என்றாள் மனைவி. பக்கத்து அறையில் கேட்குமே என்ற கவலை அவளுக்கு இல்லை. சுவர் மெல்லியது என்பது அவளுக்கும் தெரியும்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பெண் காலையில் ஒரு தடவை வந்து, சோற்றுப் பானையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் வரவே இல்லை. அன்று அவள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கழிப்பறைப் படி ஏற முடியாமல் ஈரமான துணியோடு கிடந்தாள்.

பயணத்திலிருந்து வந்தவர்கள் கறுத்து, கொழுத்து, புகைப்படங்களோடு வந்தார்கள். தம்பி எதையும் காட்டவில்லை, மனைவிதான் காட்டினாள். நீச்சல் குளம், கண்ணாடி லிஃப்ட், பழத்தில் செதுக்கிய அன்னம். ஒரு படத்தில் அவள் அந்தப் பெரிய படிக்கட்டின் நடுவில், கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றாள். நத்தை அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு கையும் கம்பியைத் தொடப் பார்க்குது."

"ஆமாக்கா, கச்சிதமா இருந்துச்சு. அழகு!"

மறுவாரம் கடிகாரம் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார். பூங்கொத்தும் கொண்டுவந்தார். கொஞ்சம் வருத்தப்பட்டார், நீங்க விழுந்தும் கூட்டம் நாலு விநாடிதாம்மா தேங்கிச்சு என்று பாராட்டினார், கொஞ்சம் தண்ணீர் குடித்தார், பிறகு பலகையில் உட்கார்ந்திருந்தவளைக் கூர்ந்து பார்த்தார்.

"இப்ப நடக்கறதே இல்லையாம்மா?"

"இல்ல சார்."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

அவர் முகத்தில் வெளிச்சம் வருவதை அவள் பார்த்தாள். மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மிச்சமிருந்த ஐந்து கப்பலுக்கும் பாக்கி இருந்த கணக்கு அதுதான்: நடக்கவே முடியாதவர்களை நாற்காலியோடு படியில் இறக்க எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரமாகும்? மணல் மூட்டையை உட்கார வைத்துப் பார்த்தார்களாம். மணல் மூட்டை பயப்படுவதில்லை, அதனால் கணக்கு சரியாக வரவில்லையாம்.

"நான் வரேன் சார்," என்றாள். "ஒண்ணு மட்டும். என்னைத் தூக்கி இறக்கற ஆள் எங்க வீட்டு ஆளா இருக்கணும். வேத்து ஆள்னா எனக்குக் கூச்சம்."

"தாராளமா! யாரு?"

தம்பி மனைவி கதவோரத்தில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சம்பளம் எவ்வளவு என்று கடிகாரம் சொன்னதும் மூடிக்கொண்டாள்.

காலையில் தம்பி அவளை முதுகில் சுமந்து வேனுக்கு இறக்கினான். கொட்டகையில் இருந்தது படியில் சறுக்கி இறங்குகிற ஒரு விதமான நாற்காலி. பின்னால் ஒருவர் பிடித்துச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக விட வேண்டும். தரை நேராக இருந்தால் பரவாயில்லை. சாய்த்துவிட்டால் முழுப் பாரமும் பிடிப்பவரின் ஒரு தோளில் இறங்கும். நத்தை மாவு மூட்டை போல உட்கார்ந்தாள். கை கால் ஒன்றையும் அசைக்கவில்லை.

"கம்பியை ஒரு கை பிடிச்சுக்கங்கக்கா. பாரம் குறையும்."

"கப்பல் முழுகுதும்மா. பயத்துல கை வர மாட்டேங்குது."

கடிகாரம் அதைக் கேட்டு, பயத்தில் ஒத்துழைக்க முடியாத பயணி என்று உற்சாகமாகக் குறித்துக்கொண்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை போலாமா? களைப்பா இருந்தா விட்டுடலாம்" என்பார். தம்பி மனைவி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

"எனக்கென்ன களைப்பு? நான் உக்காந்துதானே இருக்கேன். போலாம் சார்."

நாள் முழுக்கப் போனார்கள். மறுநாளும் போனார்கள். வாரக் கடைசியில், சாய்வு அதிகமான ஓட்டத்தில், நடுப்படியில் தம்பி மனைவி நின்று மூச்சு வாங்கினாள். குனிந்து நாத்தனாரின் காதோரம் சொன்னாள்:

"இப்ப நான் கையை விட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். நாலு விநாடி ஆகும்."

தம்பி மனைவி விடவில்லை. எட்டுக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் நாற்காலியை இறக்கியபோது அவள் முதுகில் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அது நத்தைக்கும் கேட்டது.

அதோடு சோதனை நின்றது. நாற்காலிக்கு ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள், படி வேறு குறுகல் என்று முடிவானது. படியை அகலமாக்குவார்கள் என்று நினைத்தால் அது நம் பேதைமை. கடைசி நாள் கணக்கை முடிக்க வந்த கடிகாரம் ஒரு வரைபடத்தை விரித்து நத்தைக்குக் காட்டினார். ஒவ்வொரு தளத்திலும் படி திரும்புகிற மூலையில் ஒரு சின்னச் சதுரம்; அதற்குள் ஒரு நாற்காலிப் படம்.

"தீப்பிடிக்காத கதவு போட்டு ஒரு சின்ன அறை மாதிரிம்மா. நடக்க முடியாதவங்க இதுல இருந்துக்கலாம். அடுத்த கப்பல்ல இருந்து எல்லாத்துலயும் வரும். உங்களாலதான் வந்துச்சு."

"எவ்வளவு நேரம் இருக்கணும்?"

"ஆளு வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும்."

"யாரு வருவா?"

"அது கப்பல் நடத்தறவங்க பாடும்மா. நாங்க இடம் மட்டுந்தான் வரையறோம்."

அவள் சதுரத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் அதை முழுக்க மறைத்தது.

"கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள்?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார். அது இன்னும் முடிவாகவில்லை என்றார். பிறகு மடித்து எடுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அதன் பின் அவர் வரவில்லை. அவளிடம் அளப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

தம்பி மனைவிக்கு முதுகுத்தட்டு விலகியிருந்தது. பலகைக் கட்டிலில் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். வாயில் மட்டும் பழைய வேகம் மிச்சமிருந்தது. நாளடைவில் அதுவும் குறைந்தது. தம்பி விடியலில் எழுந்து சோறாக்கி, இரண்டு பெண்களுக்கும் எடுத்து வைத்துவிட்டு வேனுக்குப் போவான். யாரிடமும் எதையும் சொல்வதில்லை. மற்ற ஐந்து கப்பலும் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கின. ஒவ்வொன்று இறங்கும்போதும் கம்பெனியில் இனிப்புக் கொடுத்தார்கள். அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஒரு மத்தியானம் நத்தை அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது.

"அக்கா... கொஞ்சம் தண்ணி."

"வரேம்மா."

உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அக்கா, தொண்டை வறளுது."

"வந்துட்டே இருக்கேன்மா. என் வேகம் உனக்குத் தெரியாதா?"

கூடையில் இருந்த வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தாள். தோலைக் கூட்டி அள்ளினாள். கத்தியைக் கழுவித் துடைத்தாள். உள்ளே இரண்டு தடவை கூப்பிட்ட குரல் ஓய்ந்து, விசும்பலாகி, அதுவும் அடங்கியது. அதன் பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு மடியில் வைத்துக்கொண்டு, கையால் தரையை உந்தி உந்தி உள்ளறைக்குப் போனாள். தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்க்காமல் செம்பை வாங்கிக் கடகடவென்று குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. நத்தை முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

"இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.

வேண்டும்தான். ஆனால் தம்பி மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள்.